ஷட்டரை இறக்கினால் எத்தனை மாதம் தாங்குவீர்கள்?

கேள்வி: ஐயா, கொடைக்கானலில் அப்பா காலத்திலிருந்து 18 அறைகள் கொண்ட லாட்ஜ் நடத்துகிறோம். கொரோனாவால் 2020, 2021 என்று அடுத்தடுத்து இரண்டு சீசன் கையைவிட்டுப் போனது. அப்போது வங்கியில் வாங்கிய அரசு உத்தரவாதக் கடனுக்குக் கடைசி டியூவை இப்போதுதான் கட்டி முடித்தோம். அதே வங்கி இப்போது, 'பின்னால் இருக்கிற காலி இடத்தில் பத்து அறைகள் கட்டிக்கொள்ளுங்கள், 85 லட்சம் தருகிறோம், பத்தரை வட்டி, ஏழு வருடம்' என்கிறது. மொத்தச் செலவு 1 கோடியே 20 லட்சம். மீதி 35 லட்சம் கையில் இருக்கிறது. அதுபோக அவசரத்துக்கென்று 14 லட்சம் எஃப்டி. 'இந்தக் கூட்டத்துக்கு ரூம் கட்டாதவன் முட்டாள்' என்கிறார் என் கணவர். எங்கேயோ புது வைரஸ் என்று டிவியில் சொன்னாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. கட்டலாமா? லாட்ஜின் மாதச் செலவு விவரத்தை இணைத்திருக்கிறேன்.
வாசகி, கொடைக்கானல்

பதில்: பத்து அறைகள் வேண்டாம் அம்மா. நான்கு கட்டுங்கள். அதற்கும் 25 லட்சத்துக்கு மேல் கடன் வாங்காதீர்கள். என் பதில் அவ்வளவுதான். இந்தக் கணக்கு எப்படி வந்தது என்பதை இனிச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

அவர் சொல்வதில் பாதி சரி. கூட்டம் திரும்பி வரும் என்பதில் எனக்கும் சந்தேகமே கிடையாது. உலகம் முழுக்க 2019-ல் நாடு விட்டு நாடு போன பயணிகள் ஏறக்குறைய 146 கோடி. 2020-ல் அது 40 கோடிப் பக்கம் விழுந்தது. இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டவர் 2019-ல் 1 கோடியே 9 லட்சம், 2020-ல் 27 லட்சம், 2021-ல் 15 லட்சம். 2024-ல்கூட அந்தப் பழைய கோடியை எட்டவில்லை. ஆனால் இந்தக் கதை விமானத்தில் வருகிறவர்களை நம்பிய ஊர்களுக்கு. உங்களிடம் வருகிறவர்கள் மதுரை, திண்டுக்கல், கோவை, சென்னையிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு வருகிற குடும்பங்கள். தடை நீங்கியதும் முதலில் கிளம்பியவர்கள் அவர்கள்தான். மாமல்லபுரத்தைப் பாருங்கள். 2021-22-ல் அங்கே வந்த வெளிநாட்டவர் 1.44 லட்சம் பேர், தாஜ்மகாலுக்கு 38,922 பேர்தான். சுற்றுலா விசா பெரும்பாலும் மூடிக்கிடந்த வருடம் அது. சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் வேலைக்காகத் தங்கியிருந்த வெளிநாட்டவர்கள்தான் ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போயிருக்க வேண்டும் என்பது என் ஊகம். காரில் போய்வரும் தூரத்தில் ஆள் இருந்தால் அந்த ஊர் சீக்கிரம் எழுந்துவிடுகிறது.

கூட்டம் திரும்பி வருகிறவரை லாட்ஜ் உங்கள் பெயரில் இருக்குமா என்பதுதான் கேள்வி. 2021-ல் கடைசியாகக் கதவு திறந்தபோது, அதற்குள் லாட்ஜைக் குத்தகைக்கு விட்டவர்களும் விற்றவர்களும் நான் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறவர்களிலேயே உண்டு. அவர்களுடைய ஊருக்கும் அதே கூட்டம்தான் திரும்பி வந்தது. கல்லாவில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

உங்கள் தொழிலின் குணம் அப்படி. விற்காத புடவையை ஆடித் தள்ளுபடியில் தள்ளிவிடலாம். ஏப்ரல் 30 ராத்திரி காலியாகக் கிடந்த அறையை மே மாதம் விற்க முடியாது. போனது போனதுதான். அதிலும் கொடைக்கானலில் வருட வருமானத்தில் பாதி ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் வருகிறது என்று உங்கள் விவரமே சொல்கிறது. இதை நாட்காட்டியோடு வைத்துப் பாருங்கள். 2020 மார்ச் 11-ல் உலகச் சுகாதார நிறுவனம் கொரோனாவை உலகளாவிய பெருந்தொற்று என்று அறிவித்தது. மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு. வெளியூர்ப் பயணிகள் மறுபடி மலையேறியது செப்டம்பரில், அதுவும் இ-பாஸோடு. அடுத்த வருடம் ஏப்ரல் 20-ல் இரண்டாம் அலை என்று நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு மூன்றுக்கும் வெளியூர்க்காரர்கள் வரத் தடை. ஜூலையில்தான் வழி பிறந்தது. இரண்டு முறையும் அடி விழுந்தது உங்கள் அறுவடை மாதங்களில். டிசம்பரில் சம்பாதிக்கிற கோவாக்காரருக்கு இதே நோய் வேறு கணக்கைக் கொடுத்தது. ஆகவே 'சுற்றுலாத் துறை இத்தனை சதவீதம் விழுந்தது' என்று செய்தியில் வருகிற சராசரியை வைத்துக்கொண்டு நீங்கள் எந்த முடிவும் எடுக்க முடியாது.

இன்னொன்று, அரசாங்கம் எதை முதலில் மூடும், எதைக் கடைசியில் திறக்கும் என்பது. தங்கும் விடுதி இந்த வரிசையில் எப்போதும் மோசமான இடத்தில்தான் நிற்கும். அதற்குக் காரணமும் உண்டு. 2003 பிப்ரவரியில் ஹாங்காங் மெட்ரோபோல் ஹோட்டலின் ஒன்பதாம் மாடியில் ஒரே ஓர் இரவு தங்கினார் ஒரு மருத்துவர். அவரிடமிருந்து அதே ஹோட்டலில் தங்கியவர்களுக்குத் தொற்றி, அவர்கள் மூலமாக சிங்கப்பூர், ஹனோய், டொரண்டோ வரைக்கும் சார்ஸ் என்ற தொற்றுநோய் போய்ச் சேர்ந்தது. நோயால் நட்டப்படுவது மட்டுமல்ல, நோய் ஏறிப் போகிற வழியும் விடுதிதான். மளிகைக் கடை திறந்திருக்கும்போது உங்கள் ஷட்டர் மூடியிருக்கும். இதில் அரசைக் கோபித்துக்கொண்டு பயனில்லை, கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தக் கணக்குக்கு வருவோம். என்னிடம் வருகிற லாட்ஜ்காரர்கள் எல்லோரும் மாத லாபத்தைக் கேட்டால் சட்டென்று சொல்கிறார்கள். ஒரு ரூபாய்கூட வராத மாதத்தில் என்ன செலவாகும் என்று கேட்டால் முழிக்கிறார்கள். நீங்கள் அனுப்பிய விவரத்திலிருந்து நானே போட்டுப் பார்த்தேன். வாட்ச்மேன், மேனேஜர், சமையல் மாஸ்டர் மூவருக்கும் முழுச் சம்பளம் 60,000. மற்ற ஆறு பேருக்குப் பாதிச் சம்பளம் 45,000. கரண்ட், தண்ணீர், இன்டர்நெட் 10,000. சொத்து வரி, இன்ஷூரன்ஸ், லைசென்ஸ் எல்லாவற்றையும் பன்னிரண்டால் வகுத்தால் 10,000. உங்கள் வீட்டுச் செலவு 45,000. ஆகமொத்தம் 1,70,000. நீங்கள் எழுத மறந்த ஒன்றையும் சேர்க்கிறேன்: மூடிக்கிடக்கும் கட்டடத்தின் பராமரிப்பு 10,000.

இந்தப் பத்தாயிரத்தைப் பார்த்து உங்கள் கணவர் சிரிப்பார். 2020 செப்டம்பரில் மலைமேல் ஒரு லாட்ஜின் கணக்கைப் பார்க்கப் போனேன். ஐந்து மாதம் பூட்டிக்கிடந்த அறைகள். மெத்தையைத் தூக்கினால் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை. அலமாரிக் கதவு ஈரத்தில் ஊதிப்போய்த் திறக்கவே வரவில்லை. எலி கடித்த வயரில் இரண்டு கீசர் போயிருந்தது. மழையும் பனிமூட்டமும் உள்ள ஊரில் அறை சும்மா கிடப்பதில்லை, கெட்டுக்கொண்டிருக்கிறது. குழாயில் மாதக்கணக்கில் தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். அது நுரையீரலைத் தாக்கும். வாரம் ஒருமுறை எல்லாக் குழாய்களையும் ஷவரையும் திறந்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, மெத்தைகளை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் கூலி, பினாயில், சின்னச் சின்ன ரிப்பேர், இவைதான் அந்தப் பத்தாயிரம்.

ஆக, ஷட்டர் மூடிய மாதத்தின் செலவு 1,80,000. உங்கள் 14 லட்சம் ஏழரை மாதத்துக்குச் சற்று மேலே தாங்கும். இன்றைய நிலையில் நீங்கள் தேவலை.

இப்போது 85 லட்சத்தைச் சேர்ப்போம். பத்தரை வட்டியில் ஏழு வருடத்துக்கு மாத டியூ சுமார் 1,43,000 வரும். மூடிய மாதச் செலவு 3,23,000 ஆகிவிடும். அதே 14 லட்சம் நாலு மாதம் சொச்சத்தில் காலி. 2020-ன் முதல் அடைப்பே ஐந்து மாதத்தைத் தாண்டியது என்பதை மறந்துவிடாதீர்கள். கையில் இருந்த 35 லட்சமும் அதற்குள் செங்கல்லாகவும் டைல்ஸாகவும் மாறியிருக்கும். அவசரத்துக்குச் சுவரை உடைத்து விற்க முடியாது.

'போன முறை மாதிரி மொராட்டோரியம் கொடுப்பார்கள்' என்பார் வங்கி மேலாளர். கொடுக்கலாம். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் ரிசர்வ் வங்கி அனுமதித்தது டியூவைத் தள்ளிப்போட மட்டும்தான். வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. வட்டிக்கு வட்டியைத்தான் பிறகு தள்ளுபடி செய்தார்கள், அதுவும் உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு. 85 லட்சத்துக்கு ஆறு மாத வட்டி மட்டும் நாலரை லட்சத்துக்குப் பக்கத்தில். அது தள்ளுபடி ஆகாது.

அரசு உத்தரவாதக் கடனும் அப்படித்தான். உங்களுக்கு அதில் அனுபவம் உண்டு. 2020 மே மாதம் அறிவித்தபோது, 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைத்தது. விடுதி, சுற்றுலாத் துறைக்கென்று தனியாக 40 சதவீதம் என்று வந்தது 2021 மார்ச் கடைசியில், அதாவது முதல் ஊரடங்குக்கு ஒரு வருடம் கழித்து. அந்த ஒரு வருடத்தை அவரவர் நகை, சீட்டு, மைத்துனர் பணம் என்று ஓட்டினார்கள். வங்கியில் கடனே இல்லாமல் கையை ஊன்றிக் கரணம் போட்டு முன்னேறியவருக்கு இந்தத் திட்டத்தில் ஒரு ரூபாய் இல்லை. நிலுவையின் சதவீதம்தானே, பூஜ்யத்துக்கு எத்தனை சதவீதம் போட்டாலும் பூஜ்யம். இது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பயண ஏஜென்ட்டுகளுக்கு 10 லட்சமும் உரிமம் உள்ள வழிகாட்டிகளுக்கு 1 லட்சமும் என்று கடன் உத்தரவாதம் அறிவித்தது 2021 ஜூன் கடைசியில். கொடுத்ததைக் குறை சொல்லவில்லை, பல லாட்ஜ்கள் அதனால்தான் இன்று இருக்கின்றன. ஆனால் முதல் ஒரு வருடம் உங்கள் சொந்தப் பணத்தில்தான் ஓடும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. தீ விபத்துக் காப்பீட்டோடு வரும் வருமான இழப்புப் பாதுகாப்பு, கட்டடத்துக்குச் சேதம் நேர்ந்து அதனால் தொழில் நின்றால்தான் வேலை செய்யும். நோய்க்காக அரசு மூடச் சொன்னால் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பணமும் வராது. ஏஜென்ட் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம், பாலிசியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

எனவே என் கணக்கு இது. ஓர் அறைக்கு 12 லட்சம் என்றால் நான்குக்கு 48 லட்சம். உங்கள் 35-ல் 23 லட்சத்தைப் போடுங்கள், கடன் 25 லட்சம். டியூ மாதம் சுமார் 42,000. மூடிய மாதச் செலவு 2,22,000. மிச்சமிருக்கும் 12 லட்சத்தையும் எஃப்டியில் சேர்த்தால் கையில் 26 லட்சம். ஏறக்குறைய பன்னிரண்டு மாதம் தாங்கும். 2020, 2021 இரண்டு அடைப்பும் திரும்ப வந்தாலும் லாட்ஜ் உங்கள் பெயரில் இருக்கும்.

'வைரஸ் வராவிட்டால் ஆறு அறை வருமானம் போச்சே' என்று உங்கள் கணவர் கேட்பார். நியாயமான கேள்வி. அதற்கு நோயை விட்டுவிட்டு மலைப்பாதையைப் பாருங்கள். கொரோனா காலத்தில் வந்த இ-பாஸ் போய்விட்டது என்று நினைத்தோம். 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் அது திரும்பி வந்தது, இந்த முறை கூட்டத்துக்காக. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று எண்ணிக்கையே வைத்தார்கள். நீங்கள் பாதி வருமானம் பார்க்கிற மாதங்கள் அவை. மேலே ஏறும் வண்டிக்கு வரம்பு வைத்துவிட்டால், ஊரில் அறைகள் கூடக்கூட ஆளுக்குக் கிடைக்கும் பங்கு குறையும். பத்து அறைகளுக்கும் சீசன் வாடகை வரும் என்று திட்ட அறிக்கையில் எழுதியிருப்பார்கள். எழுதுகிறவர் டியூ கட்டப்போவதில்லை.

கட்டுகிற நான்கையும் மற்ற அறைகள் மாதிரிக் கட்ட வேண்டாம். ஒரு சின்னச் சமையல் மேடை, எழுதும் மேசை, தனி வாசல், நல்ல இன்டர்நெட். வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபோது லேப்டாப்போடு மலைக்கு வந்து மாதக்கணக்கில் தங்கியவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒரு நாள் வாடகையில் அவர்கள் உங்களுக்கு மலிவுதான். ஆனால் ஊரடங்கு வந்தால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் அவர்கள், உங்கள் மாஸ்டருக்கு வேலையும் இருக்கும். ஹோட்டல்களைத் தனிமைப்படுத்தும் இடமாக எடுத்துக்கொண்டு அரசு வாடகை கொடுக்கும் என்று யாராவது சொன்னால், அதெல்லாம் விமான நிலையம் உள்ள ஊர்களில் நடந்தது, உங்கள் மலைக்கு நம்பக் கூடாது.

ஒன்பது வேலையாட்களில் எத்தனை பேருக்கு பிஎஃப், இஎஸ்ஐ இருக்கிறது என்று உங்கள் விவரத்தில் இல்லை. எழுதாமல் விட்டால் இல்லை என்றுதான் எனக்கு அர்த்தம். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, நூறு பேருக்குள் வேலை செய்யும் இடங்களில், 15,000-க்குள் சம்பளம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இருந்தால், தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு சேர்த்துச் சம்பளத்தில் 24 சதவீத பிஎஃப் தொகையையும் மத்திய அரசே கட்டியது. வேலை போன இஎஸ்ஐ ஆட்களுக்குச் சராசரிக் கூலியில் பாதி, 90 நாள்வரை கிடைத்தது. பதிவேட்டில் இல்லாதவருக்கு இரண்டும் இல்லை. பத்துப் பேருக்குக் குறைவான இடத்தில் சட்டம் கட்டாயப்படுத்தாது. பிஎஃப்பில் நீங்களாகவே விரும்பிச் சேரலாம், நான்கு அறைகளுக்கு ஆள் கூடும்போது இஎஸ்ஐயும் வந்துவிடும். இதில் உங்களுக்கும் சுயலாபம் உண்டு. திறக்கும்போது ஆள் இல்லாமல் தவித்த லாட்ஜ்கள் எத்தனை! ஊருக்குப் போன ரூம் பாய் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான், மாஸ்டர் சொந்தமாகத் தள்ளுவண்டி போட்டுவிட்டார். புது ஆளை வைத்துக்கொண்டு சீசனைச் சமாளிப்பது என்ன பாடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அட்வான்ஸ் பணத்துக்குத் தனிக் கணக்குத் தொடங்குங்கள். மார்ச் மாதம் உங்கள் வங்கி இருப்பு கொழுத்துத் தெரிவது ஏப்ரல், மே புக்கிங்குக்கு வந்த அட்வான்ஸால். 2020-ல் அந்தப் பணத்தில் பெயின்ட் அடித்து, புது பெட்ஷீட் வாங்கி முடித்த வாரத்தில்தான் எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்பிக் கேட்டார்கள். விருந்தாளி வந்து தங்கிப் போகிறவரை அது அவர் பணம். ரத்தானால் எவ்வளவு திரும்பும், எவ்வளவு அடுத்த தேதிக்கு மாறும், அரசுத் தடை வந்தால் என்ன என்பதை ரசீதிலேயே தமிழில் அச்சடித்துக் கொடுங்கள்.

டிவி செய்திக்கு வருகிறேன். 2009-ல் பன்றிக் காய்ச்சல் வந்தது, 2018-ல் கோழிக்கோட்டில் நிபா வந்தது. இரண்டுக்கும் கொடைக்கானல் மூடவில்லை. வருகிற செய்தியில் பெரும்பாலானவை அப்படித்தான் போகும். எது போகும், எது நிற்கும் என்று நீங்களோ நானோ முன்கூட்டிச் சொல்ல முடியாது. பன்னிரண்டு மாதத்துக்கான பணம் எஃப்டியில் இருந்தால் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

வங்கியில் 25 லட்சத்துக்குப் பேசும்போது மாதாமாதம் ஒரே தொகை என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். வருடத்துக்கு ஏறக்குறைய 5 லட்சம் கட்ட வேண்டும். அதில் பெரும்பகுதியை மே, ஜூனிலும், கொஞ்சத்தை அக்டோபரிலும், மீதி மாதங்களில் வட்டி அளவுக்கும் என்று பிரித்துக் கேளுங்கள். சீசன் தொழிலுக்கு இப்படிக் கொடுக்க வங்கிக்கு வழி உண்டு, கேட்காதவருக்குத் தானாகச் சொல்ல மாட்டார்கள். ஈடாக லாட்ஜை மட்டும் காட்டுங்கள், குடியிருக்கும் வீட்டைச் சேர்க்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மலைப்பகுதிக் கட்டட அனுமதி எழுத்தில் கைக்கு வருவதற்கு முன் கடன் பத்திரத்தில் கையெழுத்தும் வேண்டாம். பணம் கணக்கில் விழுந்த அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும், அனுமதி அதன் போக்கில்தான் வரும்.